ராஜாவைச் சுற்றி ஒரு கரிக்கோடு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த நாட்களில், ஒரு நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அங்கே உங்களுக்கு ஒரு மாமா இருக்கிறார் என்பீர்கள், பிறகு கதை நகராது. ராஜா தங்கமான மனிதர். ஒரே ஒரு குறைதான். சிரிப்பு வந்துவிட்டால் அவருடைய வாய்க்குக் கணக்கு வழக்கே இருக்காது.

அவரைச் சிரிக்க வைப்பதற்கென்றே சபையில் ஒருவன் இருந்தான். பெயர் அம்பலத்தாடி. ஒல்லியான ஆள், பெரிய காது, எந்நேரமும் எதையோ சொல்லப்போகிற முகம். அவன் வாயைத் திறந்தால் ராஜா தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு, "மெச்சினோம்! நூறு பொன் தந்தோம்!" என்பார். சபை முழுக்கக் கைதட்டும். அம்பலத்தாடி குனிந்து கும்பிட்டுவிட்டு மறுநாள் பொக்கிஷ வாசலில் போய் நிற்பான்.

பொக்கிஷ அதிகாரியின் பெயர் விருத்தகிரி. அவர் இருபது வருஷமாக ராஜாவுக்கு வரவு செலவு வாசித்துக் காட்டுகிறவர். அவர் வாசிக்க ஆரம்பித்தால் ராஜா கொட்டாவி விடுவார். அம்பலத்தாடி ஒரு தும்மல் தும்மினாலும் அதே ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். விருத்தகிரிக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? "முத்திரை வரவில்லையே, நாளைக்கு வா," என்பார். நாளைக்குப் போனால் முத்திரை வைக்கிறவன் மாமனார் ஊருக்குப் போயிருப்பான். அதற்கு மறுநாள் போனால் மாமனார் ஊரிலிருந்து இன்னும் வந்திருக்க மாட்டான். ராஜா தந்த பொன்னில் ஒரு குன்றிமணி கூட அம்பலத்தாடி வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

ஆனால் அம்பலத்தாடி நம்பினான். ராஜா வாயால் வந்த பொன் வராமல் எங்கே போகும்? அந்தத் தைரியத்தில் தங்கை கல்யாணத்தை அமர்க்களமாக நடத்தினான். வட்டிக்கடை மாசிலாமணியிடம் நூறு பொன் வாங்கினான். துணிக்கடை அருமைநாயகத்திடம் முப்பது பொன்னுக்குப் புடவையும் வேட்டியும் எடுத்தான். செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கும் வடிவிடம் பலகாரத்துக்கு ஐந்து பொன்னுக்கு எண்ணெய் வாங்கினான். கல்யாணம் முடிந்தது. தங்கை புருஷன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். கடன் மட்டும் எங்கேயும் போகாமல் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

அதன் பிறகு அம்பலத்தாடிக்குத் தொழில் இரண்டு. அரண்மனையில் விகடம் சொல்வது, வீட்டில் ஒளிந்துகொள்வது. வீட்டு மூலையில் நெல் கொட்டி வைக்கும் குதிர் ஒன்று இருந்தது. நெல்தான் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவன் குதிருக்குள் குதித்துவிடுவான். மனைவி உலகம்மை கதவைத் திறந்து, "அவரு ஊருக்குப் போயிருக்காருங்களே," என்பாள். எந்த ஊர் என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்ததால், அவளுக்குத் தெரிந்த ஊர்கள் எல்லாம் தீர்ந்துபோயின.

ஒரு நாள் காலையில் வடிவு வந்தாள். அம்பலத்தாடி வழக்கம்போல் குதிருக்குள் இறங்கினான்.

"அம்மா, அவரு வந்தா ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க," என்றாள் வடிவு. "நான் சண்டைக்கு வரல. எள்ளு வாங்கக் கையில காசில்ல. நாலு நாளா செக்கு நிக்குது. மாட்டை வித்துரலாமாங்குறாரு எங்க வீட்டுக்காரரு. அவரு நிச்சயமா குடுப்பாருன்னா விக்க வேணாம். குடுக்க மாட்டாருன்னா வித்துரலாம். எதுன்னு தெரிஞ்சா போதும்மா, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

குதிருக்குள் இருந்தவனுக்கு முகம் எரிந்தது. ஊரையே சிரிக்க வைக்கிறவன், ஒரு பெண் தன் மாட்டை விற்பதா வேண்டாமா என்று கேட்கும்போது இருட்டுக்குள் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அவன் மேலேயே வெறுப்பு வந்தது. சட்டென்று எழுந்து நின்றான். தலையெல்லாம் உமி, மூக்கில் ஒட்டடை.

"ஐயோ சாமி!" என்று வடிவு இரண்டடி பின்னால் போனாள். "உள்ள பூனையாக்கும்னுல்ல நெனச்சேன்!"

"பூனையா இருந்தா எலியாவது பிடிச்சிருக்கும் தாயி," என்றான் அம்பலத்தாடி. "மாட்டை விக்காதீங்க." அந்த மாதத்து அரண்மனைப் படியாக வந்த பன்னிரண்டு வெள்ளி மாடத்தில் இருந்தது. அதிலிருந்து மூன்றை எடுத்து அவள் கையில் வைத்தான். "இப்ப இவ்வளவுதான். மாசா மாசம் இதே மூணு வரும். ஒரு மாசம் வரலேன்னா நேரா உள்ள வந்து குதிரைத் திறந்து பாருங்க."

வடிவு சிரித்துக்கொண்டே போனாள். உலகம்மை சிரிக்கவில்லை. அவள் ஒரு முறத்தை எடுத்து வந்து, அதில் பன்னிரண்டு புளியங்கொட்டைகளைக் கொட்டிப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"இதுதான் நம்ம மாச வரும்படி. ராஜா தந்தோம் தந்தோம்னு சொல்றது இதுல கிடையாது, அது காத்து. பாருங்க." ஆறு கொட்டைகளை ஒரு பக்கம் தள்ளினாள். "முதல்ல நம்ம அடுப்பு. அப்புறம் யாரு வீட்டு அடுப்பு அணையப் போகுதோ அவங்களுக்கு. அது வடிவு, மூணு. மாசிலாமணிக்கு ரெண்டு. துணிக்கடைக்காரருக்கு ஒண்ணு. போய் அவங்க முகத்தைப் பார்த்து இதையே சொல்லுங்க. புதுசா ஒருத்தர்கிட்ட வாங்கி இவங்களுக்கு அடைக்கிறேன்னு மட்டும் கிளம்புனீங்க, உங்களைக் குதிருக்குள்ள வெச்சே மூடிருவேன்."

அம்பலத்தாடி போனான். சிங்கத்தின் வாயில் தலையைக் கொடுக்கச் சொல்லியிருந்தால் அவன் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருப்பான்.

வட்டிக்கடை மாசிலாமணி அவனைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "ஓய் அம்பலத்தாடி! உம்ம வீட்டுக்கு நடந்து நடந்து என் செருப்பு தேஞ்சு போச்சு. அந்தச் செருப்பையும் கணக்குல சேர்க்கப் போறேன்."

"சேர்த்துக்குங்க. ஆனா மாசம் ரெண்டு வெள்ளிக்கு மேல என்னால ஆகாது. ஆகும்னு பொய் சொன்னா உங்களுக்கு அடுத்த செருப்பும் தேயும்."

மாசிலாமணி முணுமுணுத்தார், வட்டி என்றார், வட்டிக்கு வட்டி என்றார். கடைசியில் அந்த இரண்டு வெள்ளியை வாங்கி இடுப்பில் முடிந்துகொண்டார். "நீரா வந்து நின்னீரே, அதுக்காக ஒத்துக்கறேன்," என்றார். அருமைநாயகம் சாதுவான மனிதர். ஒரு வெள்ளியையும் வாங்கிக்கொண்டு மோரும் கொடுத்தார். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அம்பலத்தாடி நடுத்தெருவில் நடந்தான். சந்து சந்தாகப் புகுந்து போயே பழகியிருந்ததால் வழி தவறிவிட்டதோ என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

இப்படியே சில மாதங்கள் நன்றாகப் போயின. அவன் நிம்மதியாகத் தூங்குவதும், கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருப்பதும் விருத்தகிரியின் கண்ணில் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து நாட்டுத் தூதர் ஒருவர் விருந்தாளியாக வந்து சேர்ந்தார். வந்தவர் சும்மா இருக்காமல், "எங்கள் அரசர் சபையில் கடன்பட்டவர் ஒருவர்கூடக் கிடையாது," என்று சொல்லி வைத்தார். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"எமது சபையிலும் கிடையாது!" என்றார்.

விருத்தகிரி மெதுவாக இருமினார். "ஒரே ஒருவர் இருக்கிறார், அரசே. தங்களுடைய விகடர்."

"அப்படியா? எமது பிறந்தநாள் விருந்துக்கு முன்னால் அவன் கடன் முழுவதும் தீர வேண்டும். இனிக் கடனோடு எவன் இந்தச் சபையில் கால் வைத்தாலும் அவன் நாட்டை விட்டே போக வேண்டும்!" ராஜா தூதரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

"மகாராஜாவின் தாத்தா போட்ட கரிக்கோட்டுச் சட்டத்தை அன்று சபையிலேயே நடத்திக் காட்டலாமே," என்றார் விருத்தகிரி.

அந்தச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கடன் கொடுத்தவன், வாங்கியவனைச் சுற்றித் தரையில் கரியால் ஒரு கோடு கிழித்து, "ராஜா மேல் ஆணை!" என்று சொன்னால் போதும். கொடுத்தவன் "சம்மதம்" என்று சொல்லிக் கோட்டைக் காலால் அழிக்கும்வரை வாங்கியவன் அதைத் தாண்டக் கூடாது. பொழுது சாய்வதற்குள் சம்மதம் வாங்காவிட்டால் நாடு கடத்தல். உள்ளே நிற்பவன் சாப்பிடக் கூடாது, கோடு கிழித்தவனும் அதுவரை சாப்பிடக் கூடாது. தாத்தா ராஜா விவரமானவர். உள்ளே நிற்பவன் மட்டும் பட்டினி கிடந்தால், கிழித்தவன் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவான் என்று அவருக்குத் தெரியும்.

விருத்தகிரிக்கு இன்னும் ஒரு பயம் இருந்தது. அன்றைக்கு அம்பலத்தாடி ஏதாவது விகடம் சொல்லிச் சட்டத்திலிருந்து நழுவிவிட்டால்? அதனால், "அரசவையில் யாருக்காவது விலக்கு உண்டா, அரசே?" என்று கேட்டார்.

"எவருக்கும் இல்லை! இந்தக் கூரைக்குக் கீழே நிற்கும் எவருக்கும் இல்லை!"

"ஊரறியப் பறையறைந்து சொல்லட்டுமா?"

"சொல்!"

பறையறைந்தார்கள். செய்தி உலகம்மை காதுக்கும் வந்தது. அம்பலத்தாடி தலையில் கை வைத்து உட்கார்ந்தான். நாட்டை விட்டுப் போவதுகூடப் பரவாயில்லை. வடிவிடம் மாதம் மூன்று வரும் என்று சொன்ன சொல் என்னாவது?

"எல்லாரும் உங்களைச் சுத்திக் கோடு கிழிப்பாங்க," என்றாள் உலகம்மை. "உங்களுக்குக் கடன் தர வேண்டியவங்க ஒருத்தருமே இல்லியா?"

அம்பலத்தாடி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வாய் காது வரை போனது. "உலகம்மை, பிறந்தநாள் அன்னிக்குக் காலைல எனக்கு ரெண்டு ஆள் சோறு போடு."

"ரெண்டா?"

"மூணாவே போடு."

பிறந்தநாள் வந்தது. அந்த அரண்மனையில் அன்றைக்கு ஒரு வழக்கம். வாழ்த்தெல்லாம் முடிந்து ராஜா முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை அங்கே யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ராஜாவும் காலையிலிருந்து வெறும் வயிறு. விருத்தகிரி வெறும் வயிறு. அரண்மனை விருந்து காத்திருக்கிறதே என்று கடன்காரர்கள் மூவரும் வீட்டில் கஞ்சிகூடக் குடிக்காமல் வந்திருந்தார்கள். அம்பலத்தாடி ஒருவன்தான் மூன்று ஆள் சாப்பாட்டை உள்ளே தள்ளிவிட்டு, நடக்க முடியாமல் நடந்து வந்தான்.

அவன் சபை நடுவில் வந்து நின்றதும் மாசிலாமணி கோடு கிழித்தார். "ராஜா மேல் ஆணை!" அதற்கு வெளியே அருமைநாயகம் கிழித்தார். கடைசியாக வடிவு வந்தாள். கரித்துண்டோடு குனிந்தாள்.

"மன்னிச்சுக்கிடுங்க சாமி. உங்களை நாடு கடத்தப் போறாங்களாம், இன்னிக்குக் கிழிக்கலேன்னா ஒரு செப்புக்காசுகூட வராதுன்னு அந்தப் பொக்கிஷத்து ஐயா சொல்லிட்டாரு."

"தாராளமா கிழிங்க தாயி. அந்த மூலையில கோடு சேரலை பாருங்க, அங்க ஒரு இழுப்பு இழுங்க. ஆங்! கரியை இங்க உள்ள போட்டுருங்க, உங்க கை எதுக்கு அழுக்காகணும்?"

வடிவு கரித்துண்டை அவன் காலடியில் போட்டாள்.

"அம்பலத்தாடி," என்றார் ராஜா. அவருக்கும் மனசு கேட்கவில்லைதான், ஆனால் தூதர் பார்த்துக்கொண்டிருந்தாரே. "பொழுது சாய்வதற்குள் இவர்களுடைய சம்மதத்தைப் பெறு. இல்லையேல் உனக்கும் எமக்கும் உறவில்லை."

"உத்தரவு, அரசே. ஒருவேளை போக நேர்ந்தால், போவதற்கு முன் தங்களிடம் ஓர் இரகசியம் சொல்லியாக வேண்டும். காதில்தான் சொல்ல முடியும். அடியேன் வெளியே வரலாகாது. தாங்கள் உள்ளே வரலாம். இந்தக் கோடுகள் கட்டுவது என்னை மட்டும்தான்."

இரகசியம் என்றால் ராஜாவுக்கு உயிர். படியிறங்கி வந்தார், மூன்று கோட்டையும் தாண்டி உள்ளே நின்றார், காதைக் கொடுத்தார்.

"அரசே," என்றான் அம்பலத்தாடி அந்தக் காதில், "தாங்கள் எனக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள்."

ராஜா அதை மென்று விழுங்குவதற்குள் அவன் குந்தி உட்கார்ந்து, கரித்துண்டை எடுத்து, செக்குமாடு மாதிரி ராஜாவைச் சுற்றி ஒரு சுற்று வந்துவிட்டான். அவருடைய பட்டுச்செருப்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் விழுந்தது. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "ராஜாவே, ராஜா மேல் ஆணை!" என்றான்.

"துரோகம்!" என்று கத்தினார் விருத்தகிரி. "அரசரையே சிறைப்பிடிக்கிறான்! காவலர்களே!"

"இந்தக் கூரைக்குக் கீழே எவருக்கும் விலக்கில்லை என்று பறையறைந்தது தாங்கள்தானே, ஐயா?" என்றான் அம்பலத்தாடி பணிவாக.

ராஜா கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார். தூதர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ராஜா தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தார்.

"எவ்வளவு?" என்றார் மெல்ல.

"யானை தும்மிய கதைக்கு நூறு பொன், அரசே."

ராஜாவின் உதடு துடித்தது. "ஆமாம்... அந்தப் பாகன்..."

"தளபதியார் மீசைக்கு எண்ணெய் கேட்ட கதைக்கு ஐம்பது. மகாராணியாரின் கிளி தங்களைத் திட்டிய கதைக்கு இருநூறு."

"கிளி!" ராஜா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"தாங்கள் குதிரையில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்த கதைக்கு நூறு. மொத்தம் நானூற்றைம்பது."

"அதெல்லாம் அப்போதே கொடுத்துவிட்டோமே!"

"சொன்னீர்கள், அரசே. கொடுக்கவில்லை. அந்தச் சொல்லை நம்பித்தான் அடியேன் இந்த மூவரிடமும் வாங்கினேன்."

ராஜாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அவர் விருத்தகிரியைப் பார்த்தார். விருத்தகிரி தூணைப் பார்த்தார்.

"முத்திரை... வந்து... மாமனார் ஊர்..."

"இப்போதே நானூற்றைம்பது பொன்னையும் எடுத்து வாரும்!"

விருத்தகிரி கையைப் பிசைந்தார். "அரசே, புது யானைக் கொட்டாரம் கட்டியபின் பொக்கிஷத்தில் முப்பது பொன்தான் மீதி. மற்றது அறுவடை வரி வந்த பிறகுதான்."

அந்த நேரம் பார்த்துத் தலைமைச் சமையல்காரர் வந்து வாசலில் நின்றார். "மகாராஜா, இலை போட்டாச்சுங்க. நெய்யை உருக்கியாச்சு. இன்னும் கொஞ்சம் போனா அப்பளம் நமத்துப்போயிரும்." அவர் திறந்துவிட்ட கதவு வழியாகப் பருப்பும் நெய்யும் ஏலக்காயும் ஒன்றாகக் கலந்து சபைக்குள் நுழைந்தன. எங்கேயோ ஒரு வயிறு உறுமியது. அது மாசிலாமணியின் வயிறு. அதற்கு ராஜாவின் வயிறு பதில் சொன்னது.

அம்பலத்தாடி மட்டும் சாவகாசமாக ஓர் ஏப்பம் விட்டான்.

"அம்பலத்தாடி," என்றார் ராஜா கெஞ்சலாக, "அறுவடை வரை பொறுத்துக்கொள்."

"முடியாது, அரசே. முழுவதும் இப்போதே வேண்டும். கடனோடு எவனும் சபையில் கால் வைக்கக் கூடாது என்று ஒரு ராஜா உத்தரவு போட்டிருக்கிறார்."

"அந்த ராஜாவுக்குப் புத்தி இல்லை!" என்று வெடித்தார் ராஜா. "கையில் இல்லாததை ஒருவன் எப்படித் தர முடியும்? தரமாட்டேன் என்றா சொல்கிறேன்? கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றுதானே கேட்கிறேன்!"

அம்பலத்தாடியின் குரல் இறங்கியது. "அதைத்தான் அரசே, அடியேனும் இந்த மூவரிடமும் கேட்டேன். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். மாதா மாதம் கொடுத்துக்கொண்டும் வந்தேன். தங்கள் உத்தரவுதான் நடுவில் வந்தது."

ராஜா தலையைக் குனிந்துகொண்டார். கோட்டுக்குள் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு முதன்முறையாகத் தெரிந்தது. அது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"அந்த உத்தரவு ரத்து," என்றார். "இப்போது நீ சொல். கடன்பட்டவன் எப்படிப் பேச வேண்டும்?"

"இருப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முடிந்ததை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், அரசே."

"மாதம் ஐம்பது பொன் தருகிறேன்!"

"பார்த்தீர்களா, அடியேனும் முதலில் இப்படித்தான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பொக்கிஷத்து ஐயா, உண்மையைச் சொல்லுங்கள். அரண்மனைச் செலவு போக எவ்வளவு முடியும்?"

விருத்தகிரி விரல் விட்டு எண்ணினார். இருபது வருஷத்தில் முதன்முறையாக ராஜா கொட்டாவி விடாமல் அவர் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இருபது," என்றார் விருத்தகிரி. "தவறாமல் தரலாம்."

"இருபது எனக்குச் சம்மதம். முதல் தவணை இன்றைக்கே."

"அப்பாடா! கோட்டை அழி, சாப்பிடப் போகலாம்."

"கொஞ்சம் பொறுங்கள், அரசே. தாங்கள் போய்விட்டாலும் என்னைச் சுற்றி இன்னும் மூன்று கோடு இருக்கிறது." அவன் கடன்காரர்கள் பக்கம் திரும்பினான். "வடிவு தாயி, இதுவரை குடுத்த வெள்ளி போக உங்களுக்கு மீதி நாலு பொன். அது இன்னிக்கே முழுசா வந்துரும்."

வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சம்மதம் சாமி," என்று தன் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தாள். மாதம் ஐந்து பொன் என்று அம்பலத்தாடி சொன்னதும் அருமைநாயகம், "சம்மதம், சம்மதம்," என்று அழித்துவிட்டு ஏக்கத்தோடு வாசலைப் பார்த்தார். மிஞ்சியது மாசிலாமணி.

"மாசம் பத்துப் பொன். நூறு தீர்ற வரைக்கும்," என்றான் அம்பலத்தாடி.

"வட்டி நாப்பது ஆயிருக்கு ஓய்!"

"மாசிலாமணி!" என்று ராஜா உறுமினார்.

அம்பலத்தாடி கையைத் தூக்கினான். "தாங்கள் பேசக் கூடாது, அரசே. அவர் பயந்து சொன்னால் அது சம்மதம் ஆகாது. இவர் கொடுத்த பணத்தில்தான் என் தங்கை கழுத்தில் தாலி ஏறியது. அவரே மனசாரச் சொல்லட்டும். ஐயா, நிதானமா யோசிங்க. எனக்குப் பசியே இல்லை."

கதவுக்கு அந்தப் பக்கம் சமையல்காரர் பாயச அண்டாவைத் திறந்து கிண்டினார்.

"முப்பது," என்றார் மாசிலாமணி.

வறுத்த முந்திரி அதில் விழும் சத்தம் கேட்டது.

"இருபது. போதுமா ஓய்? உமக்கு ஈவிரக்கமே இல்லையா?"

"பத்து," என்றான் அம்பலத்தாடி. "அதோட தேஞ்ச செருப்புக்கு ஒரு பொன். சேர்த்துக்குங்கன்னு நான்தானே சொன்னேன்."

மாசிலாமணி அவனை முறைத்துப் பார்த்தார். பிறகு, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "சம்மதமய்யா, சம்மதம்! செருப்புக் காசை ஒருத்தன் குடுத்து இப்பத்தான் பார்க்கிறேன்!" என்று தன் கோட்டை அழித்தார். அம்பலத்தாடி குனிந்து, ராஜாவைச் சுற்றியிருந்த கோட்டைத் தன் மேல்துண்டாலேயே துடைத்தான்.

ராஜா விருந்து மண்டபத்துக்கு நடந்தார் என்று சொன்னால் அது பொய். ஓடினார். அவர் பின்னால் சபை ஓடியது. போகிற வழியில் பக்கத்து நாட்டுத் தூதர் மட்டும் குனிந்து, தரையில் கிடந்த கரித்துண்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"அது எதற்கு?" என்றார் ராஜா திரும்பி.

"எங்கள் அரசர் எனக்கு மூன்று வருஷச் சம்பளம் தர வேண்டியிருக்கிறது," என்றார் தூதர் கூச்சத்தோடு.

விருத்தகிரிக்கு ராஜா பெரிய தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. மாதா மாதம் அந்த இருபது பொன்னை அவரே தன் கையால் அம்பலத்தாடி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் மாதம் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் உலகம்மை பழக்கதோஷத்தில், "அவரு ஊருக்குப் போயிருக்காருங்களே," என்றுவிட்டாள். உள்ளேயிருந்து அம்பலத்தாடி, "இல்லை இல்லை, இருக்கேன்! ஒளிய இடமில்லை, குதிர்ல நெல்லு ரொம்பிருச்சு!" என்று குரல் கொடுத்தான். உலகம்மை பொன்னை எண்ணி வாங்கி, விருத்தகிரிக்கு மோர் கொடுத்தாள். நாலைந்து மாதத்தில் அவர் மோருக்காகவே தேதி தவறாமல் வர ஆரம்பித்தார். அம்பலத்தாடி சொன்னதற்கு ஒரு நாள் சிரித்தும் விட்டார், பாவம்.

அறுவடை வரி வந்ததும் ராஜா தவணையைக் கூட்டினார். கடைசித் தவணையைச் சபையிலேயே எண்ணிக் கொடுத்தார். மாசிலாமணி, அருமைநாயகம் கணக்குகளும் அன்றைக்கே தீர்ந்தன. வடிவின் செக்கில் இப்போது இரண்டு மாடுகள். ராஜாவுக்கு மனசு லேசாக இருந்தது.

"கடன் தீர்ந்த சந்தோஷத்தில் ஒரு விகடம் சொல்!" என்றார்.

அம்பலத்தாடி, பசித்த ஒரு ராஜா அப்பளம் நமத்துப்போகுமே என்று உத்தரவை ரத்து செய்த கதையை அந்த ராஜாவின் குரலிலேயே சொன்னான். ராஜா சிம்மாசனத்தில் புரண்டு புரண்டு சிரித்தார். கிரீடம் உருண்டு போய் விருத்தகிரியின் மடியில் விழுந்தது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மெச்சினோம்! நூறு பொன் தந்..."

அம்பலத்தாடி காதோரத்தில் செருகியிருந்த ஒரு கரித்துண்டை மெதுவாக எடுத்தான்.

ராஜா வாயை மூடிக்கொண்டார். படியிறங்கி வந்தார். அவன் குனிவதற்குள் தன் விரலில் இருந்த மரகத மோதிரத்தைக் கழற்றி, அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி இறுக்கிப் பிடித்தார். தன் காலைச் சுற்றித் தரையில் கோடு எதுவும் இல்லை என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகுதான், "தந்தோம்!" என்றார்.